வறண்ட ஊரில் சிப்பி திறந்தவள்

நரிக்குடியில் என் இளைய மகளுக்குப் பெண் பிறந்திருந்தது. கால் நீட்டி உட்கார்ந்து பேத்தியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். காலைப் பஸ்ஸின் கண்டக்டர் வாசலில் வந்து நின்றார். வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டு ஒரு வீட்டைத் தேடி நடந்து வருகிற ஆள் அல்ல அவர். கொஞ்சம் தாமதமானாலும் ஊரையே ஏசுகிறவர். அவர் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்துவிட்டேன். "யம்மா, நம்ம சிப்பிக்கார அம்மா நேத்துச் சாயங்காலம் போயிட்டாக," என்றார். "பிலோமி புள்ள ஒங்ககிட்டச் சொல்லச் சொல்லுச்சு. வண்டி நிக்குது, வாறீகளா?"

பேத்தியை மகள் மடியில் போட்டுவிட்டு ஈரச் சேலையோடு அந்தப் பஸ்ஸிலேயே ஏறினேன். திருச்சுழி தாண்டும்வரை பஸ்ஸில் இருந்தவர்கள் அவளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர், அவசரத்தில் மெல்லாமல் விழுங்கியதற்காக அவளிடம் ஏச்சு வாங்கியதைச் சொன்னார். இன்னொருவரை, இரண்டாம் தரம் கேட்டபோது "ஒமக்கு வயிறு சின்னது, போதும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம். நல்ல மனுஷி, தங்கமான மனுஷி என்று ஒருவர்கூடப் பொதுவாகச் சொல்லவில்லை. ஆளுக்கொரு சண்டையை ஞாபகமாக வைத்திருந்தார்கள். அதைக் கேட்கக் கேட்கத்தான் அவள் போய்விட்டாள் என்பது எனக்கு உறைத்தது.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வேப்பமரத்தடியில் நின்று, பனை ஓலைப் பட்டையில் அவள் கையால் வாங்கித் தின்ற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அவள் பெயர் அமலோற்பவம் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. நான் அமலம் என்று கூப்பிடுவேன். அவள் என்னை மதினி என்பாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் அவளைப் பற்றி எழுத இன்னொருவர் கையை இரவல் வாங்க எனக்கு மனமில்லை.

அவள் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமத்துக்காரி. எங்கள் தெருவிலிருந்து தூத்துக்குடிக்கு உப்பு லோடு ஏற்றப் போகிற லாரி டிரைவர் ஒருவர் அவளைக் கட்டிக்கொண்டு வந்தார். யுத்தம் தொடங்கிய மறு வருஷம் அவர் விஷக் காய்ச்சலில் போய்விட்டார். அப்போது மகள் பிலோமினா பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். காரியமெல்லாம் முடிந்ததும் அமலத்தின் அண்ணன் சவரிமுத்து வந்து, சாமான்களைக் கட்டு, ஊருக்குப் போகலாம் என்றார். அவர் சங்கு குளிக்கிறவர். தோளும் குரலும் பெரியவை. தங்கை மேல் பாசமும் பெரியதுதான். அவள் போகவில்லை. ஏன் போகவில்லை என்று நான் கேட்டேன். "அண்ணன் வீட்டுச் சோறு கசக்காது மதினி," என்றாள். "ஆனா அங்க நான் விருந்தாளியும் இல்ல, வீட்டுக்காரியும் இல்ல. இங்க என் வீட்டு அடுப்ப நான் பத்தவைக்கிறேன்." அதற்கு மேல் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மறுநாளே வேப்பமரத்தடியில் சோளக் கஞ்சிப் பானையோடு உட்கார்ந்துவிட்டாள்.

யுத்தகாலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுகள் கரிவாயுவில் ஓடியது உங்களுக்கு நினைவிருக்கும். பின்னால் ஒரு பீப்பாய் அடுப்பைக் கட்டிக்கொண்டு, ஒருவன் கைச்சக்கரம் சுற்றி அதை ஊத, புகை கிளம்பி வண்டி உறுமுவதற்குள் ஏறி உட்கார்ந்தவர்களுக்குப் பசி வந்துவிடும். அந்தப் பசிதான் அவளுக்கு முதல். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள என்ன கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் எங்கள் வீட்டுக் கொல்லையில் நான் ஒரு பானையைக் கவிழ்க்கப் போவதைப் பார்த்தாள். எங்கள் வீட்டுக்காரர் பனையேறி. விற்காமல் நின்றுபோன கள் மறுபடியும் மறுபடியும் புளித்து, போதையெல்லாம் போய், வெறும் காடியாக நிற்கும். நாங்கள் அதை மண்ணில் கொட்டிவிடுவோம். அவள் பானைக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். கண்ணை இடுக்கினாள். "கொட்டாதீக மதினி. இத வச்சுத்தான் நான் பிழைக்கப் போறேன்," என்றாள்.

அந்தக் காடியை வெள்ளைத் துணியில் வடிகட்டினாள். சின்ன வெங்காயத்தை நசுக்கிப் போட்டு, மிளகை ஒன்றிரண்டாகத் தட்டி, பச்சை மிளகாயைக் கீறி, உப்பும் ஒரு சின்னத் துண்டு கருப்பட்டியும் சேர்த்து ஒரு பொழுது ஊறவைத்தாள். கரிசல் காட்டில் தானாக விளைகிற மிதுக்கங்காயை அரிந்து அதில் போட்டுக் கஞ்சியோடு கொடுத்தாள். புளிக் கரைசலே போதாதா, எதற்கு இவ்வளவு பாடு என்று நான் கேட்டதற்கு, "புளி வாயச் சுருக்கும். காடி மூக்கத் தொறக்கும். தூங்கி விழுகுற டிரைவருக்கு எது வேணும்?" என்று கேட்டாள். டிரைவர்கள்தான் முதலில் அவள் பக்கம் சாய்ந்தார்கள்.

கஞ்சிக் கடை ஒரு வழியாக நடந்துகொண்டிருந்த காலத்தில் சவரிமுத்து மறுபடியும் வந்தார். தங்கை மரத்தடியில் தரையில் உட்கார்ந்து எச்சில் கிண்ணம் கழுவுவதைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. நாலு பேர் கேட்கும்படியாகவே பேசினார். நம் அப்பா பாறையில் சிப்பி உடைத்து நம்மை வளர்த்தார், நீ இந்தப் பொட்டலில் கூழ் விற்கிறாய் என்றார். அவள் கிண்ணத்தைத் துடைத்து வைத்துவிட்டு, அப்படியென்றால் சிப்பியே விற்கிறேன், கொண்டு வா என்றாள். அவர் சிரித்தார். "இந்த ஊர்லயா? கெணத்துலயே தண்ணி இல்லாத ஊர்ல சிப்பிய எவன் திம்பான்? சரி, ஒரு சாக்கு அனுப்புறேன். ஒரே சந்தையில வித்துக் காட்டு. வித்துட்டா இனிமே ஒன்னக் கூப்பிடவே மாட்டேன். விக்கலன்னா எங்கூடக் கிளம்பி வந்துரணும்."

அவள் சரி என்றாள். நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று முதல் எங்கள் தெரு முழுக்க அதே பேச்சு. சிப்பி என்றால் கோலப்பொடிக்கும் சுண்ணாம்புக்கும் ஆகிற ஓடு என்றுதான் எங்கள் பெண்களுக்குத் தெரியும். அதற்குள் சதை இருக்கும், அதை உயிரோடு திறந்து காடி ஊற்றித் தின்பார்கள் என்று கேட்டதும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். நெசவுத் தெருக்காரி ஒருத்தி, "நம்ம கம்மாயில கெடக்குற நத்தைக்கு அக்கா வாராளாம்லே" என்று கூவிக்கொண்டே போனாள். அமலம் அவளைக் கூப்பிட்டு, "அக்காவப் பாக்க வெறுங்கையோட வராத. ஓலைப் பட்டை ஒண்ணு கொண்டு வா," என்றாள்.

சந்தைக்கு முந்தின நாள் காலையில் தூத்துக்குடி வண்டியின் கூரையில் சாக்கு வந்து இறங்கியது. ஈரக் கோணி. கடல் வாடை. அமலம் அதை எங்கள் வீட்டு வடக்குச் சுவரின் நிழலில் சாய்த்து வைத்து, மேலே இன்னொரு நனைந்த கோணியைப் போர்த்தினாள். காடிக்குச் சின்ன வெங்காயம் போதவில்லை என்று காரியாபட்டிக்குப் பஸ் ஏறினாள். மாலையில் வந்துவிடுவாள் என்றுதான் கணக்கு. ஆனால் கரிவாயு வண்டி பாதிவழியில் நின்றுபோய், ஏறியவர்களெல்லாம் ரோட்டோரம் படுத்துக் கிடந்து, விடிந்த பிறகே வந்து சேர்ந்தார்கள்.

இதற்கிடையில் எங்கள் வீட்டுக்காரர் மரம் ஏறிவிட்டு வந்தார். சாக்கைப் பார்த்தார். உள்ளே டக்டக்கென்று சின்னச் சத்தம் கேட்டதாம். கடலுக்குள் இருக்கிற ஜீவன் தண்ணீர் இல்லாமல் தவிக்கிறதே என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. அந்த வருஷம் மழை பொய்த்துப்போய், குடிதண்ணீருக்கு ஊருக்கு வெளியே தோட்டத்துக் கிணற்றுக்குப் போக வேண்டியிருந்தது. வீட்டில் இருந்த குடிதண்ணீர் அத்தனையையும் மாட்டுக் கல்தொட்டியில் ஊற்றினார். போதாமல் காவடி கட்டிப் போய் இன்னும் கொண்டுவந்தார். சாக்கை அவிழ்த்து அவ்வளவு சிப்பியையும் அதில் போட்டார். தெருப் பெண்கள் வந்து பார்த்து, புண்ணியம் செய்தீர்கள் என்றார்கள். எனக்கும் அது சரியென்றே பட்டது. தண்ணீர் அருமையான ஊரில் பிறந்தவர்கள் நாங்கள். ஒரு ஜீவனுக்குத் தண்ணீர் கொடுப்பதில் தப்பு இருக்கும் என்று எங்களில் யாருக்குத் தோன்றும்?

அமலம் வெங்காயக் கூடையோடு உள்ளே வந்தபோது எங்கள் வீட்டுக்காரர் தொட்டிப் பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி நின்றிருந்தார். "பாத்தியா தங்கச்சி, எல்லாம் தோட்டத்துக் கெணத்துத் தண்ணி. ஒரு பொட்டு உப்புக் கெடையாது," என்றார்.

அவள் கூடையை மெதுவாக இறக்கினாள். தொட்டிக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தாள். ஓடு லேசாக வாய் பிளந்திருந்தது. விரல் மடக்கித் தட்டினாள். அது மூடவில்லை. அடுத்ததை எடுத்துத் தட்டினாள். அதுவும் மூடவில்லை. வாடை மாறியிருந்தது. உயிருள்ள சிப்பி, தட்டியதும் வாயை இறுக்கிக்கொள்ள வேண்டும். கடலில் கிடக்கிற ஜீவனுக்கு நல்ல தண்ணீர் ஆகாது. ஈரக் கோணியில் சும்மா விட்டிருந்தால் அது தன் வாய்க்குள் வைத்திருக்கிற கடல் தண்ணீரிலேயே இருந்துகொள்ளும். இதையெல்லாம் அவள் கோபப்படாமல், குரல் உயர்த்தாமல், ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே எங்களுக்குச் சொன்னாள். எங்கள் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தொட்டியின் அடியில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகக் கிடந்த கொஞ்சம் மட்டும் வாயை இறுக்கி மூடியிருந்தன. ஒரு சின்னக் கூடை தேறியது. மிச்சமெல்லாம் போய்விட்டது. சந்தை கூடுகிற நேரம். சவரிமுத்து உச்சிப்பொழுது வண்டியில் வருவதாகச் சொல்லியிருந்தார். கூட நின்ற பக்கத்து வீட்டுக்காரி மெல்ல ஒரு யோசனை சொன்னாள். அவித்து, காடியை இன்னும் கொஞ்சம் தூக்கலாக ஊற்றிவிட்டால் போகிறது, எது உயிரோடு இருந்தது, எது செத்தது என்று இந்த ஊரில் எவனுக்குத் தெரியப்போகிறது என்றாள். நான் அமலத்தின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு அந்த ஊரில் இருப்பதா போவதா என்பது அந்தச் சாக்கில் இருந்தது. அவள், "நாக்குக்குத் தெரியாதுக்கா. வயித்துக்குத் தெரியும்," என்றாள். கொல்லையில் குழி வெட்டச் சொன்னாள். எங்கள் வீட்டுக்காரர்தான் வெட்டினார். சாக்கில் வந்ததில் முக்கால்வாசிக்கு மேல் அந்தக் குழிக்குள் போட்டுச் சாம்பலைக் கொட்டி மூடினோம்.

பிறகு முகம் கழுவி, தலை வாரி, கூடையோடும் காடிப் பானையோடும் மரத்தடிக்குப் போனாள். கூட்டம் இருந்தது. தின்ன வந்த கூட்டம் அல்ல, வேடிக்கை பார்க்க வந்தது. அதை விலக்கிக்கொண்டு முதலில் வந்தவர் ஜவுளிக்கடை மரைக்காயர். ரங்கூனில் கைலி வியாபாரம் செய்து, யுத்தத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உயிரோடு வந்து சேர்ந்தவர். பிறந்தது தொண்டிப் பக்கம். அவருக்குச் சிப்பி புதிதல்ல. பானையை மோந்து பார்த்து, "கள்ளா?" என்றார். "கள்ளு செத்து ரொம்ப நாளாச்சு பாய். இது காடி," என்றாள். "தெரியும். கேட்டு வைக்கணும்ல," என்று சொல்லிவிட்டுக் குந்தி உட்கார்ந்தார்.

அவள் இடக்கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு சிப்பியை உள்ளங்கையில் இறுக்கினாள். ஓடு இரண்டும் சேர்கிற மூலையில் குட்டைக் கத்தியின் முனையை வைத்து ஒரு திருகு. அது கதவு திறப்பதுபோல் திறந்தது. மேல் ஓட்டை எடுத்துவிட்டு, கத்தியை அடியில் ஓட்டிச் சதையை விடுவித்து, காடியில் ஊறிய வெங்காயமும் மிளகும் ஒரு சிட்டிகை வைத்து, ஒரு கரண்டி காடியைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். மரைக்காயர் ஓட்டைச் சாய்த்து உள்ளே இருந்த நீரைக் கீழே சிந்தப் போனார். "கொட்டிராதீக பாய். அதுதான் கடலு," என்றாள். அவர் அப்படியே வாயில் சாய்த்துக்கொண்டார். மென்றார். அந்த முகத்தை இப்போதும் சொல்ல எனக்கு வரவில்லை. ஊரை இழந்த மனுஷன் ஒரு வாய்க்குள் ஊருக்குப் போய்த் திரும்பியது போல இருந்தது. இன்னொன்று என்று கையை நீட்டினார்.

அதன் பிறகு ஒரு டிரைவர், பிறகு அவரை ஏசிக்கொண்டே அவர் கிளீனர், பிறகு நத்தைக்கு அக்கா என்று கூவிய அதே நெசவுத் தெருக்காரியின் புருஷன். அவன் தின்றுவிட்டு, "ஏலே, மூக்குல ஏறுதுலே" என்று கண்ணீரோடு சிரித்தான். கூடை காலியாகிவிட்டது. இன்னும் கேட்டவர்களிடம் தீர்ந்துபோச்சு என்றாள். அப்போதுதான் சவரிமுத்து வந்து நின்றார். காலிக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார். வென்றுவிட்டாள் என்று நினைத்துவிட்டார்.

அப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் வென்றவள்தான். அவளே சொன்னாள். "சாக்கு முழுக்க விக்கல அண்ணே. முக்காவாசிக்கு மேல செத்துப்போச்சு. குழியில கெடக்கு. நான் தோத்துட்டேன்." எங்கள் வீட்டுக்காரர் முன்னால் வந்து, தப்பு தன்னுடையது என்று சொல்ல ஆரம்பித்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தி, சாக்குக்குப் பொறுப்பு நான், வேறு யாரும் பேச வேண்டாம் என்றாள். சவரிமுத்து கடலில் பிழைக்கிறவர். செத்த சிப்பியைக் குழியில் போட்டவளுக்கு என்ன போயிற்று என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் பந்தயம் பந்தயம்தான் என்றார். சாயங்கால வண்டிக்கு அவள் கிளம்பினாள். பிலோமினாவுக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். துணிமூட்டை ஒரு கையில், எங்கள் வீட்டுக் காடிப் பானை இன்னொரு கையில். அண்ணன் வீட்டுக்குப் போகிறவள் காடிப் பானையை எதற்குத் தூக்குகிறாள் என்று அழுகையில் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த சந்தைக்கு முந்தின நாள் தூத்துக்குடி வண்டியிலிருந்து அவள் இறங்கினாள். கூரையிலிருந்து வைக்கோல் சுற்றிய ஜாடிகள் இறங்கின. நான் ஓடிப்போய், அண்ணனோடு சண்டையா என்று கேட்டேன். "சண்டையெல்லாம் இல்ல மதினி. வரணும்னு பந்தயம். போனேன். அங்கனயே இருக்கணும்னு பேச்சு இல்லையே," என்றாள். சிரிக்கவில்லை. அவ்வளவு உறுதியாகச் சொன்னாள். வண்டிக்குப் பின்னாலிருந்து சவரிமுத்துவே ஒரு ஜாடியைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். இவளிடம் ஜெயிக்கிறதைவிட ஆழத்தில் சங்கு எடுப்பது சுலபம் என்று என்னிடம் முணுமுணுத்தார்.

ஜாடிகளில் இருந்ததுதான் நீங்கள் எல்லோரும் பிறகு தின்ற காடிச் சிப்பி. உயிரோடு கொண்டுவந்தால் இந்த வெயிலும் எங்கள் அன்பும் சேர்ந்து கொன்றுவிடும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அதனால் கடற்கரையிலேயே, பிடித்த அன்றே, ஆவியில் வாய் பிளக்கிற மட்டும் அவித்தாள். சதையை எடுத்துத் துணியில் ஒற்றி, காய்ச்சி ஆறவைத்த காடியில் மிளகும் பூண்டும் வற்றலும் சேர்த்து ஜாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி மெழுகு பூசினாள். ஆறவைக்காமல் சூட்டோடு ஊற்றினால் சதை ரப்பராகிவிடும். சதை மூழ்கக் காடி நிற்காவிட்டால் மேலே நிற்பது கெட்டுவிடும். இங்கே பரிமாறும்போது புதுக் காடியில் நசுக்கிய வெங்காயத்தை மேலே போட்டுக் கொடுப்பாள். மாதம் ஒருமுறை அண்ணன் வீட்டுக்குப் போவாள், நாலு நாள் அடுப்பு மூட்டுவாள், ஜாடிகளோடு வருவாள். அண்ணன் ஒவ்வொரு முறையும் இருந்துவிடு என்பார். அவள் ஒவ்வொரு முறையும் பஸ் ஏறுவாள்.

அவளுக்குக் குணக்கேடும் இருந்தது, இல்லை என்று எழுதினால் அவளே எழுந்து வந்து கிழித்துப் போடுவாள். விடாப்பிடிக்காரி. பெரிய வெள்ளியன்று கடையைத் திறக்க மாட்டாள். சிலுவையில் தொங்கின ஆண்டவருக்கு நீட்டியது காடிதான், அன்றைக்கு நான் அதை விற்க மாட்டேன் என்பாள். அன்று சந்தையாக இருந்தாலும் சரி. சர்க்கார் கள்ளை நிறுத்தியபோது எங்கள் பானை காய்ந்தது. புளிக் கரைசலில் ஓட்டலாம் என்றேன். என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. அந்த இரண்டு மாதமும் கருப்பட்டித் தண்ணீரைக் கரைத்துக் கரைத்துப் பானை பானையாகப் புளிக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று பூஞ்சணம் பிடித்தது, ஒன்று இனித்தது. கடைசியில் ஒரு பானை வாரக்கணக்கில் நின்று சரியாக வந்தபோது, அதில் ஒரு கரண்டியை என் வாயில் ஊற்றித்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

பிலோமினா இப்போது பள்ளிக்கூட டீச்சர் வேலைக்குப் பயிற்சி முடித்துவிட்டாள். அந்தக் கடையில் வந்ததைக் கொண்டுதான் படித்தாள். அமலம் காய்ச்சல் என்று படுத்ததும் அவள்தான் பக்கத்தில் இருந்திருக்கிறாள். நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஒரு லாரி நின்றது. சவரிமுத்து வந்துவிட்டார். கிழவராகிவிட்டார், தோள் இறங்கிவிட்டது. தங்கையைச் சொந்த ஊர்க் கல்லறையில், அப்பா அம்மா பக்கத்தில் வைக்க வேண்டும் என்றார். லாரியில் வைக்கோல் பரப்பி, மேலே வெள்ளைத் துணி விரித்திருந்தார். "அன்னைக்கும் வந்துட்டு ஓடிட்டா. இப்பவாச்சும் எங்கூட வரட்டும்," என்று சொல்லிக்கொண்டே அந்தத் துணியை நீவிவிட்டார். எங்கள் வீட்டுக்காரர் தலை குனிந்து நின்றார். நானும் என்ன சொல்லலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

பிலோமினாதான் பேசினாள். அழுத முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். "மாமா, அம்மா ஒங்க ஊருக்கு எத்தனையோ தரம் வந்துருக்காக. ஒவ்வொரு தரமும் திரும்பி வந்துட்டாக," என்றாள். "இந்தத் தரம் போனா அவுகளால திரும்பி வர முடியாது. அதனால போக வேண்டாம்."

சவரிமுத்து லாரியின் படிக்கட்டில் உட்கார்ந்தார். வேப்பமரத்தடியிலிருந்து டிரைவர்களும் சந்தைக்காரர்களும் வந்து தெருவை நிறைத்திருந்தார்கள். அவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து, இங்கே உங்கள் கல்லறைத் தோட்டம் எந்தப் பக்கம் என்று கேட்டார். வெள்ளையை அவரே மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, தங்கைக்கு முன்னால் நடந்தார். புருஷனுக்குப் பக்கத்தில், கரிசல் மண்ணில் அவளை வைத்தோம். மண் இறுகிக் கிடந்ததால் வெட்ட நேரமாயிற்று. முதல் மண்வெட்டி எங்கள் வீட்டுக்காரருடையது.

அவளுடைய குட்டைக் கத்தியை மகள் வைத்துக்கொண்டாள். ஜெபமாலையை அண்ணன் கேட்டு வாங்கிப் போனார். என்னிடம் இருப்பது வேறு. போன சந்தையில் நான் அந்த மரத்தடியில் உட்கார்ந்து கடையைத் திறந்தேன். அவள் கடைசியாகக் கட்டிய ஜாடி ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதைத் திறந்ததும் காடி கலங்கலாகத் தெரிந்தது. மெழுகு எங்கோ விட்டுப்போயிருக்க வேண்டும். காரியாபட்டியிலிருந்து வந்த ஒருவர் ஓலைப் பட்டையை ஏந்திக்கொண்டு, அந்த அம்மா நினைப்பில்தான் வந்தேன், மேலாக இருப்பதை விட்டுவிட்டு அடியிலிருந்து கொஞ்சம் கொடுங்கள் என்று கெஞ்சினார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. முதல் நாளே கிழவி கெடுத்துவிட்டாள் என்று பேசுவார்கள் என்பதும் தெரியும். "இன்னைக்கு இல்ல தம்பி. அடுத்த சந்தைக்கு வாங்க," என்றேன். அவர் பார்க்கவே ஜாடியைக் கொண்டுபோய் மண்ணில் கவிழ்த்துவிட்டு, வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன்.